பள்ளத்தூர் வீடு: முகப்புல 94, ரெண்டாங்கட்டுல 3. பிளானை ஏத்தணுமா, பொட்டியை மாத்தணுமா?

பள்ளத்தூர்ப் பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். சென்னை கம்பெனில வேலை, மேனேஜர்கிட்ட கெஞ்சிக் கூத்தாடி முழுசா வீட்ல இருந்து பாக்க பர்மிசன் வாங்கிட்டு போன மாசம் அப்பத்தாகூட வந்து உக்காந்துட்டேன். வீடு எங்க ஐயாவுக்கும் முந்தின தலைமுறை கட்டினது, முன்தெருவுல நுழைஞ்சா பின்தெருவுல வெளிய வரலாம், செட்டிநாட்டு வீடு, முன்பக்கம் முகப்பு, வானம் பாத்த நடு முற்றமா வளவு, அதுக்குப் பின்னாடி ரெண்டாங்கட்டு மூணாங்கட்டுன்னு நம்ம ஊர் ஆளுகளுக்குச் சொல்லவே வேணாம். சுவரு ரெண்டடி.

ஃபைபர் கனெக்சன், 200 எம்பிபிஎஸ் பிளான். வயர் தெருப்பக்கமா வருதுன்னு மோடத்தை முகப்புலயே மாட்டிட்டுப் போயிட்டாக. அங்க லேப்டாப்பை லேன் வயர்ல குத்தி டெஸ்ட் போட்டா 94, எத்தனை தடவை போட்டாலும் 94 தான். வைஃபைல அதே இடத்துல 40 சொச்சம். வளவுல 20. நான் வேலை பாக்குற ரெண்டாங்கட்டு ஓரத்து அறையில 3, சில நேரம் 1, சில நேரம் சுத்திக்கிட்டே இருக்கும். மீட்டிங்ல பேசிக்கிட்டு இருக்கும்போதே நான் உறைஞ்சு போயிடுறேன், டீம்ல எனக்கு 'சிலை'ன்னு பேரு வச்சாச்சு.

கனெக்சன் குடுத்தவுகளுக்கு போன் போட்டா 300 பிளானுக்கு மாறுங்க மேடம், சரியாயிடும்கிறாக. சித்தப்பா பையன் 1,500 ரூவாய்க்கு ரிப்பீட்டர், வைஃபையை நடுவுல வாங்கித் திரும்ப அனுப்புற பொட்டி, வாங்கிக்கோங்கிறான். எது சரி? ஒரு விசயம், சுவத்துல ஓட்டை போட முடியாது. பங்காளிக பதினோரு பேரு, ஒருத்தர் மலேசியாவுல இருக்காக, ஒரு ஆணி அடிக்கணும்னாலும் வாட்சப் குரூப்ல கேக்கணும்.

இதோட இன்னொண்ணு. அப்பத்தாவுக்கு டிவி வாங்கணும், 43 இஞ்ச். காரைக்குடி நூறடி ரோட்டுக் கடையில சொன்ன விலையைவிட ஆன்லைன்ல நாலாயிரம் கம்மியா காட்டுது. எங்க வாங்குறது?

செக்காலை வயர்மேன்:
தங்கச்சி, 300 பிளானுக்கு மாறாதீங்க, மாறினாலும் 94 தான் வரும். அந்த நம்பரை நல்லாப் பாருங்க. 200 பிளான்ல வயர்ல குத்தியும் கல்லு மாதிரி 94லயே நிக்குதுன்னா அது லைன் குறை இல்ல, வழியில எங்கயோ 100 எம்பி வரைக்கும்தான் போற ஒரு சந்து இருக்கு. மூணே இடம்தான். மோடத்துல இருக்க லேன் போர்ட் 100 போர்ட்டா இருக்கலாம், லேப்டாப்போட போர்ட்டா இருக்கலாம், இல்ல நடுவுல இருக்க வயரா இருக்கலாம். லேன் வயருக்குள்ள எட்டு கம்பி, நாலு ஜோடி. எட்டும் முனை பிளக்குல ஒழுங்கா கிரிம்ப் ஆகி, அதாவது அழுத்திப் பிடிச்சிருந்தாத்தான் கிகாபிட், 1000 எம்பி. ரெண்டு ஜோடி மட்டும் பிடிச்சிருந்தாலும் நெட் வேலை செய்யும், ஆனா 100க்கு இறங்கிரும், ஒரு எச்சரிக்கையும் காட்டாது. அதனால முதல்ல வயரை மாத்திப் பாருங்க. மோடத்துக்கு அடியில ஸ்டிக்கர்ல ஜிஇன்னு போட்ட போர்ட் இருந்தா அது கிகாபிட், எஃப்இன்னு இருந்தா 100. சில மோடத்துல நாலு ஓட்டையில ஒண்ணு மட்டும்தான் ஜிஇ, மாட்டுறவுக கையில எது கிடைச்சுதோ அதுல குத்திட்டுப் போயிடுவாக.

ரெண்டாவது, நீங்க உறையுறது ஸ்பீடுனால இல்ல. வீடியோ மீட்டிங் 4 எம்பிக்கு மேல கேக்காது, 4கே படத்துக்கே 15 இருந்தா ஓடும். உங்களுக்கு விட்டு விட்டுப் போகுது, அதான் வியாதி. எங்க போகுதுன்னு கண்டுபிடிக்க ஒரு வேலை செய்யுங்க. உங்க அறையில உக்காந்து கமாண்ட் திரையைத் திறந்து மோடத்தோட நம்பருக்கு, பெரும்பாலும் 192.168.1.1, ஒரு பிங் ஓடவிடுங்க, போய்த் திரும்ப எத்தனை மில்லி செகண்டு ஆகுதுன்னு காட்டும். இன்னொரு திரையில வெளிய இருக்க கூகுள் சர்வர் 8.8.8.8க்கு ஓடவிடுங்க. மோடத்துக்குப் போற பிங்கே 3, 5, 400, டைம் அவுட்னு குதிச்சா வீட்டுக்குள்ள வைஃபை சாகுது, கம்பெனிக்காரனைத் திட்டிப் பிரயோசனம் இல்ல. மோடம் பிங் 2, 3ன்னு அமைதியா இருந்து வெளிய போறது மட்டும் குதிச்சா அப்ப அவுக தலையில கட்டலாம். இதைச் செஞ்சுட்டு வாங்க.

புதுவயல் சரவெடி:
ரிப்பீட்டர் வாங்கி நடுவுல சொருகுங்க, முடிஞ்சது சோலி. இதுக்கு எதுக்கு இம்புட்டு கதை.

செக்காலை வயர்மேன்:
சரவெடி தம்பி, உங்க வீடு புதுசாக் கட்டினது, ஒத்தைச் செங்கல் சுவரு, அங்க ஓடும். இந்த வீட்ல ஓடாது. விலை கம்மியா வர்ற ரிப்பீட்டர் ஒரே ரேடியோல கேக்கவும் செய்யுது பேசவும் செய்யுது, கேக்குற நேரத்துல பேச முடியாது, அதனால வந்து சேர்றதுல பாதிதான் வெளிய போகும். வளவுல 20 வாங்கி ரெண்டாங்கட்டுக்கு 10 அனுப்பும், அதுலயும் நடுவுல ரெண்டடி சுவரு. செட்டிநாட்டு வீட்டுக்கு வயர்தான். வயர் போட முடியலன்னாத்தான் மத்ததெல்லாம்.

தேவகோட்டை ஆச்சி:
ஏம்மா, எங்க வீட்லயும் இதே கூத்துதான் நடந்துச்சு, என் மகன் வந்து ரெண்டு நாள் உக்காந்து பாத்தான். நான் சொல்றதைக் கேட்டா கொஞ்சம் சிரிப்பா இருக்கும், மோடத்தை எங்க மாட்டியிருந்தாகன்னா பட்டாலை, அதான் கூடத்துச் சுவத்துல, அதுக்கு நேரா இந்தப் பக்கம் ஆளுயர பெல்ஜியம் கண்ணாடி. கண்ணாடிக்குப் பின்னாடி வெள்ளிப் பூச்சு இருக்குல்ல, அது வெளிச்சத்தை மட்டும் இல்லம்மா, வைஃபையையும் திருப்பி அனுப்பிரும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்க அறையில ஒரு புள்ளி சிக்னல் கிடையாது. நாங்க வருசம் பூரா கம்பெனிக்காரவுகளைத் திட்டிக்கிட்டு இருந்தோம். பீரோ, எவர்சில்வர் சாமான் அடுக்கின அலமாரி எல்லாமே இப்படித்தான், மோடத்துக்கும் உனக்கும் நடுவுல என்ன இருக்குன்னு முதல்ல ஒரு நடை நடந்து பாரு.

அப்புறம் என் மகன் செஞ்சது என்னன்னா மோடத்தைக் கொண்டு வந்து வளவுத் தூண்ல கட்டுனான். ஆணி அடிக்கல, தூணைச் சுத்தி நாடாதான். வளவு வானத்தைப் பாத்துத் திறந்து கிடக்குல்ல, நாலு பக்கத் தாழ்வாரமும் அங்கிருந்து நேராத் தெரியும், சுவரைத் துளைச்சுக்கிட்டுப் போக வேண்டியதே இல்ல, கதவைத் திறந்து வச்சா அறைக்குள்ளயும் வந்துரும். நம்ம முன்னோர் காத்துக்கும் வெளிச்சத்துக்கும் விட்ட வழி, இப்ப இதுக்கும் ஆகுது. ஃபைபர் வயரை முகப்புல இருந்து வளவுக்கு நீட்டச் சொல்லு, லைன் பாக்குற பையனுக்கு ஏதோ குடுத்தா செஞ்சு குடுப்பான், ஃபைபர் நீளமானா ஸ்பீடு குறையாது. மடிச்சு மட்டும் இழுக்க விடாத. மூலையில கூரா வளைச்சு ஆணி கிளிப் அடிச்சா உள்ள வெளிச்சம் கசிஞ்சு போயிரும், எல்ஓஎஸ்னு, லைன்ல சிக்னல் வரலன்னு அர்த்தம், சிவப்பு லைட் எரிய ஆரம்பிச்சிரும்.

டிவி விசயம். நான் ஒரு ஆன்லைன் கடையில வாங்கினேன், பேரு வேணாம். பொட்டி வந்த அன்னைக்கு மகன் ஊர்ல இல்ல, அவன் வரட்டும்னு பிரிக்காம வச்சிருந்தேன். எட்டாம் நாள் பிரிச்சா இடது ஓரத்துல மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு பச்சைக் கோடு. திருப்பிக் குடுக்குற நாள் தாண்டிருச்சுங்கிறாக, கம்பெனிக்காரவுக பேனல்ல அடிபட்டிருக்கு, வாரண்டில வராதுங்கிறாக. யாரு அடிச்சா? நான் பொட்டியையே தொடலையே! 1915க்கு போன் போட்டேன், நுகர்வோர் உதவி எண், பில்லும் பொட்டி போட்டோவும் இருந்ததால புகாரைப் பதிஞ்சாக, ஒன்றரை மாசம் அலைஞ்சு பேனல் மாத்திக் குடுத்தாக. ஆன்லைன்ல வாங்குறதுன்னா வாங்கு, ஆனா கொண்டு வர்றவன் நிக்கும்போதே பிரிச்சு, பிளக்கைச் சொருகி, படத்தைப் பாத்துட்டு அப்புறம் அவனை அனுப்பு. ஓபன் பாக்ஸ் டெலிவரின்னு சில கடையில இருக்கு, அதைக் கேட்டு வாங்கு. பிரிக்கிறதை யாராவது போன்ல வீடியோ எடுக்கட்டும்.

பள்ளத்தூர்ப் பொண்ணு:
ஆச்சி, கண்ணாடி! எங்க முகப்புலயும் ரெண்டு கண்ணாடி இருக்கு, மோடம் ஒண்ணுக்கு நேர் பின்னாடி. இப்பத்தான் எந்திரிச்சுப் போய்ப் பாத்துட்டு வர்றேன். அண்ணே, பிங் ஓட்டிப் பாத்தேன், என் அறையில இருந்து மோடத்துக்கே 6, 11, 380, டைம் அவுட், 9, 210. முகப்புல உக்காந்தா 2, 2, 3. அப்ப வீடுதான் குத்தவாளி.

கானாடுகாத்தான் பெரியவர்:
நான் மின்சார வேலையில இருந்து ஓய்வு பெத்தவன், கரண்ட் சம்பந்தமா மட்டும் சொல்றேன். மீட்டிங் அறுந்து போறதுல பாதி கரண்ட்டாலயும் இருக்கலாம். உங்க வீட்ல இன்வெர்ட்டர் இருக்கும். கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறுற அந்தக் கண்சிமிட்டுற நேரத்துல மோடம் அணைஞ்சு திரும்பி எந்திரிக்க ரெண்டு மூணு நிமிசம் ஆகும். நிறைய இன்வெர்ட்டர்ல பின்னாடியோ முன்னாடியோ யுபிஎஸ் மோட், எகோ மோட்னு ஒரு சுவிட்ச் இருக்கு. அதை யுபிஎஸ் பக்கம் தள்ளி விடுங்க, மாறுறது வேகமா நடக்கும், மோடம் அணையாம நிக்கலாம். காசு செலவில்ல. நான் பாத்த வரைக்கும் பத்து வீட்டுல எட்டு வீட்ல அது எகோலதான் கிடக்கு.

அதுக்கும் சரியாகலன்னா மோடத்துக்குன்னு சின்ன யுபிஎஸ் விக்கிது. வாங்கும்போது மோடம் அடாப்டர்ல என்ன எழுதியிருக்குன்னு படிங்க, 12 வோல்ட்டா 9 வோல்ட்டா, எத்தனை ஆம்ப். வோல்ட் அச்சாப் பொருந்தணும். ஆம்ப் கூட இருந்தா பரவாயில்ல, குறைய இருக்கக் கூடாது. பின்னுக்கு நடுவுல பிளஸ்ஸா மைனஸ்ஸான்னு ஒரு சின்னப் படம் போட்டிருக்கும், அதையும் பாருங்க. பொட்டி மேல 8,800 எம்ஏஹெச்னு பெருசாப் போட்டிருப்பான், அதைப் பாத்து மயங்க வேணாம். அது உள்ள இருக்க 3.7 வோல்ட் செல் கணக்கு. பெருக்கினா 32 வாட் அவர் சொச்சம். மோடம் 10 வாட் தின்னா மூணு மணி நேரம், நஷ்டம் போக ரெண்டரை. ஒரு ராத்திரி பூரா வரும்னு கடையில சொன்னா இந்தக் கணக்கைக் கேளுங்க. அடாப்டர்ல பிஐஎஸ் முத்திரையும் ஆர்னு ஆரம்பிக்கிற நம்பரும் இருக்கணும், பிஐஎஸ் கேர்னு ஆப் இருக்கு, அதுல நம்பரைப் போட்டா நெசமா போலியான்னு தெரிஞ்சிரும். இடி இடிக்கும்போது டிவி பிளக்கைப் பிடுங்கி வச்சிருங்க, பழைய வீட்டுல எர்த் கம்பி இருக்கும், வேலை செய்யுதான்னு யாரும் பாத்திருக்க மாட்டாங்க.

செக்காலை வயர்மேன்:
பெரியவர் சொன்ன எர்த் விசயத்தை விட்றாதீங்க.

சரி தங்கச்சி, மோடத்தை வளவுக்குக் கொண்டு போறது முதல் வேலை. அது உங்க அறைக்குப் பத்தலன்னா அங்கிருந்து லேன் வயர் ஒண்ணு ரெண்டாங்கட்டுக்கு. ஓட்டை வேணாம், கதவுக்கு மேல சாளரம் இருக்கும்ல, அது வழியா விடுங்க. தாழ்வார ஓரமா சுத்திக்கிட்டுப் போனாலும் நூத்தம்பது அடிக்குள்ள முடியும், வயருக்கு 100 மீட்டர் வரைக்கும் தாங்கும், கவலையில்ல. கேட் 6னு போட்ட லேன் வயரா வாங்குங்க. கடையில இங்க கவனம், விலை பாதியா இருக்க வயர் செம்பு இல்ல, அலுமினியத்துக்கு மேல செம்பு பூசினது. ஒரு கம்பியை உருவி பிளேடால மெதுவாச் சுரண்டுங்க, உள்ளயும் செவப்பா இருந்தா செம்பு, வெள்ளை வெளேர்னு வந்தா அலுமினியம். கடைக்காரர் மூஞ்சி மாறினாலும் பரவாயில்ல, சுரண்டிப் பாத்துட்டே வாங்குங்க. அந்த முனையில ஒரு பழைய ரவுட்டர் போதும். வீட்ல கிடக்கா?

பள்ளத்தூர்ப் பொண்ணு:
சென்னை ரூம்ல வச்சிருந்தது ஒண்ணு இருக்குண்ணே, 2.4, 5 ஜிகான்னு ரெண்டு வைஃபை பேண்ட் உள்ளது, அட்டைப் பொட்டியோட பரண்ல போட்டுட்டேன்.

செக்காலை வயர்மேன்:
அப்ப புதுசா எதுவும் வாங்காதீங்க. அந்த ரவுட்டர் செட்டிங்ல போய் அதோட நம்பரை 192.168.1.2ன்னு மாத்துங்க, டிஹெச்சிபியை அணைங்க, நம்பர் பிச்சுக் குடுக்குற வேலை மோடத்துக்கு மட்டும்தான், ரெண்டு பேரும் குடுத்தா அடிதடி ஆயிரும். வளவுல இருந்து வர்ற வயரை அதோட லேன் ஓட்டையில குத்துங்க, தனியா ஒரு கலர்ல WANன்னு எழுதியிருக்க வான் ஓட்டையில இல்ல, எல்லாரும் தப்பு பண்றது இங்கதான். வைஃபை பேரும் பாஸ்வேர்டும் மோடத்துல என்னவோ அதே. 2.4 சேனல் மட்டும் மோடத்துல 1ன்னா இதுல 6 இல்ல 11 வைங்க. உங்க அறைக்குள்ள 5 ஜிகாவுல லேப்டாப்பைப் பிடிங்க, அது சுவரைத் தாண்டாது, ஆனா ஒரே அறைக்குள்ள பறக்கும்.

புதுவயல் சரவெடி:
டிவிக்கு யாரும் ஒழுங்கா பதில் சொல்லலையே, நான் சொல்றேன். நான் போன தீபாவளிக்கு வாங்கினேன். நாலாயிரம் கம்மின்னா முதல்ல மாடல் நம்பர் கடைசி எழுத்து வரைக்கும் ஒண்ணான்னு பாருங்க, பாக்க அதே டிவிதான், ஒரு எழுத்து மாறினா ராம் 2 ஜிபிக்குப் பதிலா 1 ஜிபி, ஆறு மாசத்துல ரிமோட்டை அமுக்கினா டீ குடிச்சுட்டு வர்ற வரைக்கும் யோசிக்கும். 32 இஞ்சுக்கு மேல இருக்க டிவிக்கு ஜிஎஸ்டி 28ல இருந்து 18 ஆச்சு, 2025 செப்டம்பர் 22ல இருந்து, அதனால பழைய விலையை அடிச்சுப் போட்டு தள்ளுபடின்னு காட்டுறதுல வரி குறைஞ்சதும் சேர்ந்திருக்கும், ஏமாறாதீங்க. நோ காஸ்ட் இஎம்ஐன்னு சொன்னாலும் பேங்க் வட்டி போடத்தான் செய்யும், கடைக்காரன் அதை விலையில கழிச்சுக் குடுக்குறான், ஆனா அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உங்க கார்டுலதான் வரும், அதுபோக பிராசசிங் ஃபீஸ் வேற. ஸ்டேட்மெண்ட் பாத்தப்பதான் எனக்கே தெரிஞ்சுச்சு.

முக்கியமா அந்த பிராண்டுக்கு சர்வீஸ் ஆளு காரைக்குடில இருக்காகளா இல்ல மதுரைல இருந்தோ திருச்சில இருந்தோ வரணுமான்னு கம்பெனி சைட்ல பின்கோடு போட்டுப் பாருங்க. மதுரைல இருந்து வர்றதுன்னா நாலாயிரம் மிச்சம் பிடிச்சதை மறந்துருங்க.

தேவகோட்டை ஆச்சி:
சரவெடி, இப்பத்தான் உருப்படியா பேசியிருக்க.

சுவத்துல டிவி மாட்டணும்னு வர்ற பையன் டிரில் மெசினோட நிப்பான், விட்றாதம்மா. நம்ம சுண்ணாம்புப் பூச்சு கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கும், அதுல டிரில் போட்டா பாளம் பாளமாப் பேந்துக்கிட்டு வரும், அந்தப் பூச்சு பூசுற கொத்தனாரை இப்ப தேடிப் பிடிக்கிறதுக்குள்ள நமக்கு வயசாயிரும். பொட்டியோட வர்ற காலை மாட்டி மேசை மேல வை. பங்காளிகளைக் கேக்க வேண்டிய வேலையும் இல்ல.

பள்ளத்தூர்ப் பொண்ணு:
பத்து நாள் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கோங்க, சீர்வரிசை விசேசம் ஒண்ணு நடுவுல.

முதல்ல 94. வயர்தான்ணே! முகப்புல கிடந்த வயரை உருவி முனையை வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தா நாலு கம்பிதான் உள்ள போயிருக்கு, மீதி நாலையும் வெட்டி விட்டிருக்காக. புது வயரைக் குத்தினதும் 196. 300 பிளானுக்கு மாறியிருந்தா மாசா மாசம் காசைக் குடுத்துக்கிட்டு 94லயே உக்காந்திருப்பேன்.

லைன் பையன் வந்து ஃபைபரை நீட்டி மோடத்தை வளவுத் தூண்ல கட்டிக் குடுத்துட்டான், ஆச்சி சொன்ன மாதிரி நாடா போட்டு. தாழ்வாரத்துல எங்க உக்காந்தாலும் 80க்குக் குறையல. அங்கிருந்து சாளரம் வழியா வயரு, என் அறையில பழைய ரவுட்டர். முதல் நாள் வான் ஓட்டையிலதான் குத்தினேன், படிச்சும் குத்தினேன், ரெண்டு மணி நேரம் ஓடல. இப்ப அறையில 180, மோடம் பிங் 2. மொத்தச் செலவு வயரும் லைன் பையனுக்குக் குடுத்ததும்தான். இன்வெர்ட்டர் சுவிட்சும் எகோலதான் கிடந்துச்சு பெரியவரே, மாத்திட்டேன், நேத்து மத்தியானம் ரெண்டு தடவை கரண்ட் போச்சு, மீட்டிங் அறுகல.

டிவி கடையிலயே வாங்கிட்டேன். மாடல் நம்பர் கடைசி எழுத்து வேறதான், ஆன்லைன்ல இருந்தது 1 ஜிபி. அதைக் காட்டிப் பேசினதுல ஆயிரத்தைந்நூறு குறைச்சாக, வாரண்டி கார்டுல கடை முத்திரையும் தேதியும் போட்டு வாங்கிட்டேன். அப்பத்தா மேசை மேல வச்ச டிவிக்குக் கீழ கோலம் போட்ட துணி விரிச்சிருக்காக. மூணாங்கட்டு அடுப்படில மட்டும் இன்னும் சிக்னல் இல்ல, அங்க வேணாம்னு அப்பத்தாவே சொல்லிட்டாக, போனைப் பாத்துக்கிட்டே பணியாரத்தைக் கருக விடுவேனாம்.

செக்காலை வயர்மேன்:
நல்லது தங்கச்சி. ஒரு கேள்வி. தாழ்வார ஓரமாப் போற அந்த வயரு கறுப்பா வெள்ளையா? வெயில் படுற இடத்துல சாம்பல், வெள்ளை வயரெல்லாம் வீட்டுக்குள்ள போடுறது, தோல் வெடிச்சு மழைத் தண்ணி உள்ள இறங்கிரும். வெளிய போடுறதுக்குன்னு கறுப்புத் தோல் போட்டது தனியா விக்கிது.

பள்ளத்தூர்ப் பொண்ணு:
வெள்ளைதான்ணே. சுரண்டிப் பாத்தேன், செம்புதான்னு சந்தோசத்துல கலரைப் பாக்கல. நாளைக்குத் திரும்பக் காரைக்குடி போகணும்.